மேலே போனவரின் மல்டி டூல்

என் வீட்டில் எதையும் நான் தேர்ந்தெடுத்தது கிடையாது. திரைச்சீலை என் மனைவி வாங்கியது. அந்தத் திரைச்சீலைக்குப் பொருத்தமாக என் சட்டையையும் அவள்தான் வாங்கினாள். ஒரு நாள் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த என்னை, "ஏங்க, எங்க போயிட்டீங்க?" என்று வீடு முழுக்கத் தேடினாள்.

ஆகவே படகு வாங்கிய அன்று ஒரு பிரகடனம் செய்தேன்.

"இதோ பாரு. வீடு உன்னுது. படகு என்னுது. அதுக்கு என்ன வாங்கணும், எங்க கட்டணும், எப்ப எடுக்கணும், எல்லாம் என் முடிவு. நீ ஏறலாம். உட்காரலாம். காத்து வாங்கலாம். மோட்டாரைத் தொடக் கூடாது."

"சரிங்க" என்றாள்.

அவள் வாதாடினால் எனக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 'சரிங்க' என்றால் கிடையாது. அது தெரிந்தும் அன்று நான் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கீழ்வரிசை தெரிகிறதா என்று ஊரையே கேட்கிறவன். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. "ஒண்ணுமில்ல... கண்ணை மூடிக்குங்க... முடிஞ்சிருச்சு" என்று ஒரே குரலில் சொல்வாள். அவள் மூன்றாவது வார்த்தைக்கு வருவதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும்.

படகு சின்னதுதான். ஆறு கடலில் சேரும் இடத்தில், படகுத்துறையில் கட்டிவைத்திருந்தோம். காலையில் அங்கே மூடுபனி இறங்கும். எதிர்க்கரை மறையும், பிறகு தண்ணீர் மறையும், கடைசியில் நம் கையே மறையும். அந்த வெள்ளைக்குள் எங்கிருந்தோ யாரோ இருமுவார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார்.

படகில் திருகு தளரும், கயிறு சிக்கும். அதனால் குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கியிருக்கும் மல்டி டூல் ஒன்று வேண்டும் என்றார்கள். துறை முனையில் உள்ள படகுச் சாமான் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் தேர்ந்தெடுப்பதை யாராவது பார்க்க வேண்டாமா?

கடைக்காரரை எல்லோரும் நங்கூரம் என்பார்கள். உட்கார்ந்தால் எழ மாட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒன்று மின்னியது. "அதை எடுங்க" என்றேன். "பாட்டில் திறக்கலாம், நகம் வெட்டலாம், பூதக்கண்ணாடிகூட இருக்கு!"

"கடல்ல பாட்டிலைத் திறந்துட்டு நகம் வெட்டப் போறீங்களா?" என்றார் நங்கூரம். மேஜைக்கடியில் இருந்த வாளிக்குள் கை விட்டார். உப்புத்தண்ணீர். அதில் தூண்டில் மீன்கள் போல நூலில் கட்டிய கருவிகள் தொங்கின. எல்லாம் அவர் ஊறப்போட்டவை. அதே பளபளப்பின் தம்பி ஒன்று வெளியே வந்தது. உடம்பெல்லாம் செந்துரு. கத்தியை இழுத்தார். வரவில்லை.

"பளபளப்பு கடைக்குத்தான் சார். கடலுக்கு வேணும்னா உப்பு தின்னாத இரும்பு வேணும். ஒரு கையால திறக்கணும், ஏன்னா இன்னொரு கை படகைப் பிடிச்சிருக்கும். திறந்த கத்தி பூட்டிக்கணும், இல்லன்னா விரலோட மூடிக்கும். ஈரக் கயித்தை அறுக்க ரம்பப் பல் வேணும். கையில மாட்டக் கயிறு வேணும்."

சொல்லிக்கொண்டே வாளியின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். சாம்பல் நிறம். மழுங்கிய பளபளப்பு. நீர் சொட்டச் சொட்டக் கட்டைவிரலால் தள்ளினார். 'க்ளிக்.' கத்தி நின்றது. ஒரு புள்ளி துரு இல்லை.

"இது பழசு. யாரோ வச்சிருந்தது மாதிரி இருக்கே?"

"ஆமா. ரொம்ப வருஷம் வச்சிருந்தாரு."

"இப்ப அவரு?"

நங்கூரம் கூரையைப் பார்த்தார். "மேல போயிட்டாரு."

கடைக்குள் திடீரென்று குளிர்ந்தது. வாளியில் மற்ற கருவிகள் மெல்ல ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

என் மனைவி என் முழங்கையைத் தொட்டாள். "வேண்டாங்க. உங்களுக்குப் பயமா இருந்தா வேற பார்ப்போம்."

"யாருக்குப் பயம்?" என்றேன். "இதையே கட்டுங்க!"

அவள் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி தெரிந்தது. பெருமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

துடைத்து, எண்ணெய் விட்டு, அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலை எழுந்து வந்தால், அது சமையலறை ஜன்னல் மேடையில் இருந்தது. குறடு வாயைப் பிளந்திருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"நீ எடுத்தியா?"

"சட்னி அரைக்கக் குறடு எதுக்குங்க?" என்று அவள் மிக்ஸியை ஓட்டினாள்.

மறுநாள் கத்தி திறந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் ரம்பப் பல். அதில் ஒரு பாசி இழை தொங்கியது. அப்போதுதான் நீருக்குள்ளிருந்து எழுந்து வந்தது போல.

துணி பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டேன். விடிந்ததும் சாவி தலையணைக்கு அடியில் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. அது ஜன்னல் மேடையில், வாயைத் திறந்தபடி, சொட்டிக்கொண்டிருந்தது.

வேலைக்குப் போகிற வழியில் துறைக்குப் போய்ப் பார்த்தேன். படகில் யாரும் இல்லை. மோட்டாரில் கை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது! கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தேன். என் முடிச்சு எனக்கே அவிழாது. இது ஒரே இழுப்பில் அவிழும் அழகான முடிச்சு. பலகை இருக்கையில் ஈரமாக ஓர் ஆள் உட்கார்ந்த தடம்.

அன்று கடையில் ஒரு பெரியவருக்குக் குழந்தைக் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டேன்.

"ஏம்மா, செத்தவங்க தங்களோட சாமானைத் தேடி வருவாங்களா?" என்று ராத்திரி அவளிடம் கேட்டேன்.

"எந்தச் சாமான்?"

"சும்மா... குறடு மாதிரி."

"வந்தா வரட்டுமே. வேலையை முடிச்சுட்டுத் திருப்பி வச்சுட்டுத்தானே போறாங்க? இந்த வீட்டுல எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கற ஒரே ஆளு அவங்கதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மாலை அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். அன்று பனி முன்னாலேயே இறங்கிவிட்டது. பலகைகள் மட்டும் காலடியில் தெரிந்தன. என் படகு எப்போதும் இடப்பக்கம் இருக்கும். அதனால் வலப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு வீசினேன்.

தண்ணீரில் விழுந்த சத்தம் வரவே இல்லை.

'தொப்' என்று மெத்தென்ற ஓர் ஓசை. யாரோ பனிக்குள் கை நீட்டிப் பிடித்துக்கொண்டது போல. நான் ஓடினேன். ஒரு செருப்பு அங்கேயே விழுந்துவிட்டது.

மறுநாள் இன்னும் இருட்டு முழுசாக விலகாதபோதே எழுந்து ஜன்னல் மேடையைப் பார்த்தேன். காலி! உலர்ந்து கிடந்தது. ஆடலாம் போல இருந்தது. திரும்பினால் அவள், முட்டிவரை ரப்பர் காலணியும் மழைக்கோட்டும் போட்டு வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

ஒரு கணம் என்னையே பார்த்தாள். "நீங்க எங்கயாவது கூட்டிட்டுப் போவீங்களோன்னுதான்."

"அதான் பெண்டாட்டி! வா, படகுல ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். இன்னிக்கு லீவு போட்டுடறேன்."

"இன்னிக்கேவா? பனி ஜாஸ்தியா இருக்கே. இன்னொரு நாளைக்கு..."

"நான் இருக்கேன்ல?"

"அதாங்க" என்றாள்.

படகு இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம் இருந்தது. அவள் முன்னால் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் ஏறி மோட்டாரைக் கிளப்பினேன். துறை உடனே கரைந்துபோனது. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. எங்கள் பேச்சுகூட வாயை விட்டு வெளியேறியதும் நின்றுவிட்டது.

"கொஞ்சம் இடது பக்கமா..." என்றாள்.

"மோட்டார் யாருது?"

"உங்களுது."

சற்று தூரம் போயிருப்போம். மோட்டார் ஒரு முறை விக்கியது. பிறகு அடங்கியது. அந்த அமைதியில் படகுக்கு அடியிலிருந்து கேட்டது.

டொக்.

டொக்... டொக்.

யாரோ கதவைத் தட்டுவது போல. அவசரமில்லாமல். உள்ளே ஆள் இருப்பது தெரிந்து தட்டுவது போல.

மோட்டாரை மறுபடி இழுத்தேன். உறுமிவிட்டு நின்றது. படகு மட்டும் தானாக நகர்ந்தது. தூரத்தில் தண்ணீர் பாறையில் அடிக்கும் ஓசை. தூரத்தில்தான். பிறகு அவ்வளவு தூரத்தில் இல்லை. என் கை கால் எல்லாம் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ராஜினாமா செய்துவிட்டன.

"ஒண்ணுமில்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள்தான். ஆனால் பனியில் முகம் தெரியவில்லை. மழைக்கோட்டின் தலைமூடிக்குள் வெறும் சாம்பல். கோட்டுப் பைக்குள் கை போனது. வெளியே வந்தது. 'க்ளிக்.'

அதே கருவி. ஈரமாக.

"அதை... அதை நான் நேத்து கடல்ல போட்டுட்டேன்!"

"தெரியும்."

"யாரு நீ?"

"என்னங்க?"

"நீ என் பெண்டாட்டிதானா? அப்படின்னா நம்ம கல்யாண நாள் என்னிக்குன்னு சொல்லு!"

"நீங்க சொல்லுங்க பார்ப்போம்."

நான் விழித்தேன். எனக்குத் தெரியவில்லை. "போன வருஷமும் இப்படித்தான் முழிச்சீங்க" என்றது அந்த உருவம். பாதி உயிர் திரும்பியது.

"பேசிட்டிருந்தா பாறையில மோதிடுவோம். நான் பின்பக்கம் குனியப் போறேன். வந்து என் காலைப் பிடிங்க."

பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். கையால் தடவினேன். ரப்பர் காலணி இருந்தது. அதற்குள் கணுக்கால் இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் பிடித்துவருகிற அதே கால்! இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

பாதி உடம்பு தண்ணீர்ப் பக்கம் தொங்க, ஒரு கையால் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு மற்றொரு கையால் அறுத்தாள். 'கர்ர்... கர்ர்...' பனிக்குள் ஒரு கரிய உருவம் உயர்ந்தது. பாறை. கை நீட்டினால் தொடலாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாழ்நாளில் முதன்முறையாக அவளை இழந்துவிடுவேனோ என்று நினைத்தேன். படகு ஞாபகமே வரவில்லை.

"முடிஞ்சிருச்சு" என்றாள்.

மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது. அவள் பின்னோக்கி எடுத்தாள். பாறை எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் பனிக்குள் போனது. என் காலடியில் அவள் எறிந்த பழைய வலைக்கயிறு கிடந்தது. அதன் நுனியில் ஒரு மரக்கட்டை மிதவை.

"இதுதான் மோட்டார் விசிறியில சுத்திட்டு அடியில தட்டுச்சு. வலது பக்கம் இந்த மாதிரி வலை கிடக்கும். அதனாலதான் இடது பக்கமாப் போகச் சொன்னேன்."

அந்த மிதவையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"தினம் நீதான் படகை எடுத்தியா?"

"ஆமாங்க. ஈரம் காயத்தான் இதை ஜன்னல்ல திறந்து வச்சேன்."

"பீரோ சாவி?"

"எந்த வீட்டுல பீரோவுக்கு ஒரே சாவி இருக்கு?"

"நேத்து நான் வீசினது?"

"நேத்து வலப்பக்கமாக் கட்டியிருந்தேன். லைஃப் ஜாக்கெட் குவியல் மேல விழுந்திருக்கு. இப்ப ஏறினப்பதான் எடுத்துப் பையில போட்டேன். கூடவே உங்க செருப்பு துறையில கிடந்துது. வீசினது யாருன்னு தேட வேண்டி வரல."

"உனக்கு யாரு படகு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது?"

"நங்கூரம்."

"அவருதான் எழுந்திருக்கவே மாட்டாரே!"

"படகுல உட்கார்ந்துதானேங்க சொல்லிக்கொடுக்கணும்? லைசென்ஸும் எடுத்தாச்சு."

"அப்ப இதை வச்சிருந்தவர்... மேல போனவரு?"

"மலை மேல, மகள் வீட்டுக்கு. கீழ இருந்தா முட்டி வலிக்குதாம். போன வாரம்கூட நங்கூரத்துக்கிட்ட போன்ல பேசினாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீங்களும் கூட வருவீங்களே" என்றாள். அதில் கிண்டல் இல்லை. நிஜமான கவலை இருந்தது. அதுதான் வலித்தது.

துறை நெருங்கியது. பலகைகளுக்கு மேல், பனிக்குள், சாம்பல் உருவங்கள் வரிசையாக நின்றன. அசையவில்லை. முகம் இல்லை. எல்லாத் தலைகளும் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பின. மறுபடியும் அவள் காலைத் தேடினேன்.

"விடுங்க" என்றாள். "எதிர்க்கரை ஆஸ்பத்திரி நர்ஸுங்க ரெண்டு பேர், பட்டறை வெல்டர், டீச்சர். பஸ்ல சுத்திப் போனா அரை நாள் ஆகுது. காலையில நான்தான் கொண்டுபோய் விடறேன். இன்னிக்கு உங்களால லேட்டு."

உருவங்கள் ஒவ்வொன்றாக இறங்கி லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தன. எல்லோருக்கும் அவரவர் இடம் இருந்தது. டீச்சர் மட்டும் என் முன்னால் நின்றார். நான் உட்கார்ந்திருந்தது அவர் இடம்.

"நீங்க இறங்கிக்குங்க" என்றாள் என் மனைவி. "அஞ்சு பேருக்கு மேல ஏத்தக் கூடாது."

இறங்கினேன். பலகை மேல் கிடந்த என் ஒற்றைச் செருப்பின் பக்கத்தில் நின்றேன். படகு அசைந்தது. பனிக்குள்ளிருந்து வெல்டரின் குரல் கேட்டது.

"யாரும்மா அது, புதுசா?"

"அவரா? என் வீட்டுக்காரர்தான். கயித்தை அவுத்து விடறதுக்கு வந்திருக்காரு."

அவிழ்த்துவிட்டேன்.