வெந்நீர் வைத்தியம்

"வீடு மாறுறோம்ல, சமையலறைப் பரணை நானே ஒழிக்கிறேன்" என்று சபதம் போட்டுவிட்டார் கெண்டை வைத்தியர். முப்பது வருடத்தில் அந்தச் சமையலறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

வைத்தியர் என்றதும் நாடி பார்க்கக் கையை நீட்டிவிடாதீர்கள். மனிதர் மீன் வளர்ப்பவர். கல்யாணமான வருடம் குளத்துக் கெண்டைகள் வயிறு ஊதி ஊதி மிதந்தன. குளம் போனால் மாமனார் மளிகைக் கடையில் தராசு பிடிக்க வேண்டியதுதான். அப்போதுதான் மீன் டாக்டர் ஒரு பொடியைக் கொடுத்தார். "நல்லது செய்யற கிருமி. தீவனத்துல கலந்து போடுங்க, குடல் சரியாயிடும்." இவர் கலந்தார். மீன் பிழைத்தது. பட்டமும் ஒட்டிக்கொண்டது.

அடடா, அது ஒரு காலம்! காலை வெயில், தீவனத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும் மீன்கள், கரையில் முந்தானையைச் செருகிக்கொண்டு புதுப் பெண்டாட்டி. நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கண் கலங்கிவிடும்.

பரணில் ஒரு பழைய டின் அகப்பட்டது. மேலே மனைவியின் கையெழுத்து: 'மீன் பொடி. அவர் தொடக் கூடாது.'

"இது என்ன?" என்று கீழே பெட்டி கட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார்.

"ஐயோ, இன்னும் இருக்கா? நிஜப் பொடியை இதுலதான் ஒளிச்சு வெச்சேன்."

"அப்ப நான் கலந்தது?"

"மைதா மாவு."

"மைதாவா! ஏம்மா?"

"குளத்தங்கரையில அடுப்பு மூட்டி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல கலந்தீங்களே!"

"சுத்தமா இருக்கட்டும்னுதான். கிருமி சாகணுமில்ல?"

"அந்தக் கிருமிதாங்க மருந்தே! அது செத்தா மீனும் சாகும். நீங்க கலந்து வெச்சுட்டு டீக்கடைக்குப் போனதும், நான் பச்சைத் தண்ணில பொடியைக் கரைச்சு, தீவனத்துல தெளிச்சு, நிழல்ல உலர்த்திடுவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இன்னும் ரெண்டு கொதி விட்டிருப்பீங்க."

வைத்தியர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடப் பட்டம் மைதாவாகப் போய்விட்டது. போகட்டும், பட்டம்தானே! ஆனால் அந்தக் காலைகள்? அவையாவது தன்னுடையவை என்று தெரிந்தால் போதும் அவருக்கு.

"தினமும் கரைக்கு வருவியே... என்னைப் பார்க்கத்தான் வர்றேன்னு தலையெல்லாம் வாரிட்டு நிப்பேன்."

அவள் டின்னை முந்தானையால் துடைத்து, கொண்டுபோக வேண்டிய பெட்டியில் முதல் ஆளாக வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். டீக்குக் கிளம்பிட்டீங்களான்னு."