கட்டில் சங்கத்து டைம்கீப்பர்

விழுப்புரம் ஜில்லாவில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒருவரிடம் போய், "எந்தத் தேதிக்கு எழுந்திரிப்பே?" என்று கேட்கிற தைரியம் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. டாக்டர்கள் அந்தக் கேள்வி வந்தால் கூரையைப் பார்ப்பார்கள். ஜோசியர்கள்கூட 'ஆவணிக்கு மேலே பார்க்கலாம்' என்று மழுப்பிவிடுவார்கள். திண்டிவனம் டைம்கீப்பர் மட்டும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பதிலுக்காகக் காத்திருப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து, டிரைவர் கண்டக்டர்களை டீக்கடையிலிருந்து விசில் ஊதியே கிளப்பி, அப்படியே ரிட்டையர் ஆனவர். வீட்டில் விரட்டுவதற்கு பஸ் இல்லை. சம்சாரத்தை விரட்டிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மாள் அசையவில்லை. அதனால் 'கட்டில் சங்க'த்தில் போய்ச் சேர்ந்தார்.

சங்கத்துக்கு போர்டு கொள்ளாத நீளத்தில் வேறொரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிற ஏழைபாழைகளுக்குத் தலைமாட்டைத் தூக்குகிற இரும்புக் கட்டில், வீல்சேர், வாக்கர், முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்றடித்த ஏர் பெட் இதையெல்லாம் காசு வாங்காமல் கொடுப்பார்கள். குணமானதும் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். கொடுப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும். திரும்ப வாங்குவதற்குத்தான் டைம்கீப்பர் தேவைப்பட்டார்.

அவரைப் பொறுத்தவரை கட்டில் என்பது பஸ். மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் சங்கம் வைத்திருந்த வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற பழைய மல்லாட்டை குடோன் என்பது டிப்போ. ஒவ்வொரு கட்டில் கிளம்பும்போதும் ஓர் அட்டையில் 'புறப்பாடு 9.40, திண்டிவனம் - கோலியனூர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார். 'வந்து சேரும் நேரம்' என்ற கட்டத்தை நிரப்பத்தான் நோயாளியிடமே தேதி கேட்பார்.

கோலியனூரில் ஒரு மல்லாட்டை வியாபாரி. கால் எலும்பு கூடி இரண்டு மாதமாகியும் கட்டிலை விடவில்லை. தலைமாட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்ப்பது சுகமாக இருந்திருக்கிறது. டைம்கீப்பர் போய் நின்றார்.

"கால் இன்னா சொல்லுது?"

"இன்னும் நோவுதுங்க சார். தரையில ஊனவே முடியல."

டைம்கீப்பர் தலையை ஆட்டினார். பிறகு விசிலை எடுத்து அவர் காதருகே ஒரு ஊது ஊதினார். வியாபாரி எழுந்த வேகத்தில் வாசற்படி தாண்டித் தெருவில் நின்றார்.

"ஓடறதுக்கு நோவல இல்ல? ஜல்தி கட்டிலைக் காலி பண்ணு. விக்கிரவாண்டில ஒரு அம்மா வெறுந்தரையில படுத்துக்கினு இருக்காங்க."

மரக்காணம் பக்கம் ஒரு குப்பத்தில் வாக்கரைத் தேடிப் போனபோது, அது கொல்லையில் நான்கு காலில் நின்று வாளைக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தது. "காத்து நல்லா படுதுங்க" என்று அந்த வீட்டுப் பெண் பெருமையாகச் சொன்னாளாம். மூன்று நாள் சோப்புத்தூள் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. அடுத்த நோயாளியிடம் அதைக் கொடுக்கும்போது டைம்கீப்பர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "நீ நடக்கறியோ இல்லையோ, தெருவுல இருக்கற பூனையெல்லாம் உன் பின்னாடி நடக்கும். பேஜாராவாதே."

இதெல்லாம் ஒரு மொபெட்டில். பின்னால் வீல்சேரைத் தலைகீழாகக் கட்டி, அதன் சக்கரங்கள் காற்றில் சுழல, விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டுவார். ஒருநாள் அங்கே நின்ற செக்யூரிட்டி, "பெருசு, இது ரெண்டு சக்கர வண்டியா, நாலு சக்கர வண்டியா?" என்று கிண்டல் செய்தான். "ஓடறது ரெண்டு. சும்மா வர்றது ரெண்டு. உன் ஆபீஸ்லயும் அப்பிடித்தானே?" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

இவ்வளவையும் நான் வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், என் அப்பா குளியலறையில் வழுக்கி விழும் வரை.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் முதுகின் கீழே ஒரு சிவப்பு. பதினைந்தாம் நாள் அது புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நானும் என் மனைவியும் அவரைப் புரட்டிப் படுக்க வைப்போம். உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்பார். எழுபத்தெட்டு வயது மனுஷன் எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். ஏர் பெட்டும் ஏற்றி இறக்குகிற கட்டிலும் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி அலைச்சலிலும் மருந்திலும் கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது. திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

குடோனில் ஓர் உடைந்த வீல்சேரைத் தவிர எதுவும் இல்லை. நடுவில் டைம்கீப்பர் மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் இன்னார், பத்திரிகையில் எழுதுகிறவன் என்று கொஞ்சம் கெத்தாகவே ஆரம்பித்தேன்.

"எழுதறதுக்குக் கட்டில் எதுக்குப்பா? மேசை போதுமே."

விஷயத்தைச் சொன்னேன். நோட்டைப் புரட்டினார். "அஞ்சாவதா இருக்கே. முன்னால நாலு பேர். வண்டி வந்தா ஏத்துவேன்."

"சார், அப்பாவுக்குப் புண் பெருசாகிட்டே போகுது."

"முன்னால இருக்கற நாலு பேருக்கும் அதே புண்ணுதான்." குரலில் கோபமில்லை. "நான் இன்னா பண்ணட்டும், சொல்லு. இருக்கறது பதினோரு கட்டில். எல்லாம் ரூட்ல இருக்குது. ஏர் பெட்டு நாலும் சைக்கிள் கடையில பஞ்சர் போட்டுப் போட்டு, இப்ப பெட்டை விட பஞ்சர்தான் ஜாஸ்தி."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சென்னையில் ஓர் அறக்கட்டளை இந்த மாதிரிச் சின்னச் சங்கங்களுக்கு நன்கொடை நிதி கொடுப்பதாகவும், விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள்தான் இருப்பதாகவும் ஒரு நண்பர் சொல்லியிருந்தார். நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுது. ஆனா அஞ்சாவது அஞ்சாவதுதான்" என்றார் டைம்கீப்பர்.

மறுநாள் விண்ணப்பத்தோடு போனேன். 'துயருறும் நெஞ்சங்களின் கண்ணீர் துடைக்கும் கருணைக் கரங்கள்' என்று தொடங்கியிருந்தேன். எனக்கே கண் கலங்கியது. அவர் அதை ஒரே கோட்டில் அடித்தார். "கட்டில் பதினொண்ணு. அதுல ரெண்டு ஆடுது. அதை எழுது."

"ஐந்தாண்டுகளில் உங்கள் சங்கம் எங்கே இருக்கும்னு கேட்டிருக்காங்க சார்."

"இதே குடோன்லதான். வாடகை கம்மி."

"செயலாளர் பெயர்?"

"டைம்கீப்பர்னே போடு. வேற பேர் போட்டா தபால்காரனுக்குத் தெரியாது, லெட்டர் திரும்பிப் போயிடும்."

விண்ணப்பம் ஒரு பக்கத்தில் முடிந்தது. மூன்று வாரத்தில், நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது.

சங்கத் தலைவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. மனசு தங்கம். ஆனால் விருந்தாளி வருகிறார் என்றாலே அவருக்குப் பெண் பார்க்க வருகிற நினைப்புதான். "சென்னையிலேர்ந்து வர்றாங்க. காலி குடோனைக் காட்டினா ஊர் மானம் இன்னா ஆவறது?" என்று, மருத்துவ சாமான் விற்கிற சிநேகிதர் ஒருவரிடமிருந்து பத்துப் புத்தம்புதுக் கட்டில்களை ஒருநாளுக்கு இரவல் வாங்கி வரிசையாகப் போட்டார். பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. கட்டிலுக்குக் கட்டில் சாமந்திச் சரம். உடைந்த வீல்சேர் அவர் கடையின் பட்டுப்புடவை விளம்பரத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்தது. சரம் கட்டியது யார் என்று கேட்காதீர்கள். நான்தான். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறோமோ அவ்வளவு நிதி கிடைக்கும் என்று நானும் நம்பினேன்.

அன்று காலை டைம்கீப்பர் ஊரில் இல்லை. எங்கேயோ ஏர் பெட் மீட்கப் போயிருந்தார். இருந்திருந்தால் எங்களை ஒரு பூக்கூடக் கட்ட விட்டிருக்க மாட்டார்.

அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். தலைவர் பொன்னாடை போர்த்தினார், இளநீர் கொடுத்தார். அம்மையார் கட்டில்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முகம் மலர்ந்தது. எங்கள் முகமும் மலர்ந்தது.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. பாராட்டறேன்" என்றார். "எங்ககிட்ட இருக்கறது கொஞ்ச நிதிதாங்க. ஒண்ணுமே இல்லாம கஷ்டப்படற சங்கங்கள் நிறைய இருக்கு. இவ்வளவு வசதியா இருக்கற உங்களுக்கு எங்க உதவி எதுக்குங்க?"

 இரவல் என்று சொன்னால் ஏமாற்றுக்காரர்கள் ஆவோம். சொல்லாவிட்டால் பணக்காரர்கள் ஆவோம். அம்மையார் மூடியைத் திருகிப் பேனாவைப் பைக்குள் வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டில் அப்பாவைப் புரட்டிப் போடுகிற நேரம் அது. என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மொபெட் வந்து நின்றது. டைம்கீப்பர் தோளில் ஓர் ஏர் பெட் துவண்டு தொங்கியது. உள்ளே நுழைந்தவர் கட்டில்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இதெல்லாம் யார் வூட்டு வண்டி? என் டிப்போவுல எதுக்கு நிக்குது?"

தலைவர் கண்ணடித்தார். இன்னொரு தரமும் அடித்தார்.

"இன்னா தலைவரே, கண்ணுல தூசியா? போய்க் கழுவினு வாங்க." பிறகு அம்மையாரிடம் திரும்பினார். "அம்மா, இதுல ஒண்ணுகூட எங்களுது இல்ல. சாயங்காலம் கடைக்கே போயிடும். மானத்துக்குப் பயந்து பண்ணிட்டாங்க, மன்னிச்சுக்கங்க."

"அப்போ உங்க கட்டில்லாம் எங்கங்க?"

"ரூட்ல ஓடிக்கினு இருக்குது. டிப்போவுல பஸ் நின்னுக்கினே இருந்தா அது இன்னாம்மா டிப்போ?"

நோட்டை எடுத்து நீட்டினார். காத்திருப்பவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தார். கட்டில் எதுவும் திரும்பாமல் வரிசை நீண்டு அன்றைக்கு ஒன்பது பேர். ஐந்தாவது பெயர் வந்ததும் விரலை என் பக்கம் நீட்டினார். "இவங்க அப்பாதான். புண்ணோட படுத்துனு இருக்கார். புள்ளை இங்க பூ கட்டினு இருக்குது."

மிச்சச் சரம் என் கையில் இருந்தது. அம்மையார் என்னைப் பார்த்தார். "ஏங்க, இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

சரத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். தலைவர்தான் மெதுவாகச் சொன்னார்: "வெக்கமா இருந்திச்சிங்க."

அம்மையார் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர், "பக்கத்துல யார் வீட்டுல உங்க கட்டில் இருக்கு? பார்க்கலாமா?" என்று கேட்டார். இரண்டு தெரு தள்ளி, முதுகெலும்பில் அடிபட்ட ஓர் ஆட்டோ டிரைவர் வீடு. ஆடுகிற கட்டிலின் ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. மெத்தையை அம்மையார் கையால் அழுத்திப் பார்த்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. "சாயங்காலத்துக்குள்ள காத்து எறங்கிடுதுங்க. ஆனா இது இல்லன்னா நான் தரையிலயே அழுகியிருப்பேன் மேடம்" என்றார் டிரைவர். அம்மையார் பேனாவைத் திரும்ப எடுத்தார்.

ஒரு மாதம் கழித்து நிதி வந்தது. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் பத்துக் கட்டில், பத்து ஏர் பெட், ஆடுகிற பழசுகளுக்கு வெல்டிங் இத்தனைக்கும் போதுமாக இருந்தது. சங்கத்துக்காரர்களுக்கு மனசு முன்பே இருந்தது. மனசை விரித்து அதன் மேல் யாரையும் படுக்க வைக்க முடியாது. முகம் தெரியாத யாரோ கொடுத்த காசுதான் மெத்தையாக வந்தது. டைம்கீப்பர் வரிசைப்படியே அனுப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குப் பிறகே எங்கள் வீடு. வார முடிவில் நோட்டில் யாருமே பாக்கியில்லை. "காத்துக்கினு ஒருத்தரும் இல்லியே, எங்கனா தப்பு நடந்திருக்குமா?" என்று அவர் இரண்டு நாள் கவலைப்பட்டதாகத் தலைவர் சொன்னார்.

எங்கள் வீட்டுக்குக் கட்டில் வந்த அன்று மினி லாரியின் பின்னாலேயே மொபெட்டில் அவரும் விழுப்புரம் வந்தார். தானே காற்றடித்தார். அப்பாவை நாங்கள் மூவருமாகத் தூக்கிப் படுக்க வைத்தோம். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தினார். அப்பா கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டார். உதட்டைக் கடிக்கவில்லை. இரண்டு மாதமாக நான் இறுக்கிப் பிடித்திருந்த எதுவோ அப்போது தளர்ந்தது. சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

டைம்கீப்பர் உதட்டில் விரலை வைத்து, காபி வேண்டாம் என்று கையாட்டிவிட்டு வெளியே போனார். அவர் மொபெட் கிளம்பினால் எங்கள் தெருவே எழுந்துவிடும். மத்தியான வெயிலில் அதைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போய், திரும்பி ஒருமுறை எங்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டு, அங்கேதான் ஸ்டார்ட் செய்தார். இவ்வளவு நேரம் அவரை நான் கேலி செய்ததெல்லாம், அந்த மனுஷனிடம் நேரில் நன்றி சொன்னால் திட்டுவார் என்பதற்காகத்தான்.