அம்மாவின்ரை படையலிலை ஆடின பச்சை

நான் என்ரை அம்மாவுக்குப் பண்டியைத் தீத்தினனான். ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, மூண்டு கிழமை. கரண்டியாலை, வாயைத் துடைச்சுத் துடைச்சு, "ஆ காட்டுங்கோ அம்மா" எண்டு கெஞ்சிக் கெஞ்சி. அம்மா பிறந்ததிலை இருந்து முட்டைகூடத் தொடாத சைவம். (முட்டை போட்ட கேக்கை வெட்டின கத்தியைக்கூடத் தனியாக் கழுவுற ஆள்.) இதை முதலே சொல்லிப்போட்டன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைச்சாலும் பரவாயில்லை. நான் அதைவிடக் கூட நினைச்சு முடிச்சிட்டன்.

எனக்குப் படிப்புக் குறைவு. ஜெர்மனிக்கு வரேக்கை எனக்குப் பதினைஞ்சு வயசு. இங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை வாத்தியார் கதைக்கிறது எனக்கு விளங்கேல்லை, நான் கதைக்கிறது வாத்தியாருக்கு விளங்கேல்லை. ரெண்டு பேரும் களைச்சுப்போய் விட்டிட்டம். இப்ப சாமான் அடுக்கிற ஒரு பெரிய லாகரிலை, பெட்டியளைத் தூக்கி அடுக்கிற ஷ்டாப்லர் வண்டி ஓட்டுறன். அங்கை வாசிக்கிற வேலை இல்லை. பெட்டியிலை அம்புக்குறி மேலை பாத்தால் மேற்பக்கம். கிளாஸ் படம் இருந்தால் மெல்ல வைக்கவேணும். இப்பிடிப் படத்தைப் பாத்தே, அம்மா வருத்தமாகும்வரைக்கும் எட்டு வருசம் ஓட்டியிருந்தன். பெட்டிக்குப் பின்னாலை எழுத்து இருக்கிறது எனக்குத் தெரியும், ஆனா அது எனக்காக எழுதினதெண்டு நான் நினைக்கேல்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்த கடைசி மாதம் அவவுக்கு ஒண்டும் தொண்டையாலை இறங்காது. சோறு கரைச்சுக் குடுத்தாலும் திருப்பி வரும். அங்கை குடுக்கிற சூப்பிலை எந்த மிருகம் குளிச்சதோ எண்டு சொல்லி, மணந்துகூடப் பாக்க மாட்டா. ஒருநாள் நேர்ஸ் ஒரு சின்னக் கிண்ணம் கொண்டந்து வைச்சா. உள்ளுக்கை பச்சையா, கண்ணாடி மாதிரி ஒண்டு நிண்டு ஆடுது.

"கோட்டர்ஷ்பைஸ" எண்டா நேர்ஸ்.

எனக்கு மூளை ஓடிச்சுது. "கொட்" எண்டால் கடவுள். லாகரிலை வேலை முடியேக்கை எல்லாரும் "கொட் சை டாங்க்" எண்டுதான் சொல்லுறவை. "ஷ்பைஸ" எண்டால் சாப்பாடு. கடையிலை தாற சாப்பாட்டு அட்டைக்கு ஷ்பைஸக்கார்ட் எண்டு பேர். அப்ப இது சாமிச் சாப்பாடு. ஒருத்தரின்ரை உதவியும் இல்லாமல் நான் மொழிபெயர்த்த முதல் ஜெர்மன் சொல்லு. நெஞ்சு நிமிந்திட்டுது.

"அம்மா, இது சாமிச் சாப்பாடு. பேரிலையே கடவுள் இருக்கிறார்."

"சைவமோடா?"

"சாமி பின்னை மச்சமே சாப்பிடுறது?"

அம்மா கொஞ்சம் யோசிச்சா. பிறகு வாயைத் திறந்தா. முதல் கரண்டி உள்ளை போச்சுது. வழுக்கிக்கொண்டு போச்சுது. திருப்பி வரேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. அம்மா சப்பிப்போட்டுச் சொன்னா, "வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதிலை உது ஒண்டுதான் உருப்படி." அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ரெண்டு கிண்ணம். அப்பாவும் கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருப்பார். ஒண்டும் சொல்ல மாட்டார்.

மூண்டு கிழமையாலை அம்மா போட்டா.

முப்பத்தொண்டு வந்துது. அது செத்த ஆளுக்கு விருப்பமானதெல்லாம் வைச்சுப் படைக்கிற நாள். பாரிசிலை இருந்து அம்மாவின்ரை தமக்கை, என்ரை பெரியம்மா, நாலு நாளைக்கு முன்னமே வந்து குசினியைப் பிடிச்சிட்டா. பருப்பு, கத்தரிக்காய், பயித்தம் பணியாரம், மோதகம் எண்டு லிஸ்ற் போட்டா. நான் சொன்னன், "அம்மா கடைசியா ஆசைப்பட்டுச் சாப்பிட்டது சாமிச் சாப்பாடு. அதை நான்தான் செய்வன்."

"உனக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமே?"

"பழகுவன், பெரியம்மா."

கடையிலை பதினாலு பெட்டி வாங்கினன். எல்லாத்திலையும் பச்சைப் படம். வீட்டை வந்து ஒரு பெரிய சருவத்திலை தண்ணியைக் கொதிக்கவிட்டு, நாலு பெட்டியைக் கொட்டி, தளதளவெண்டு ஒரு மணித்தியாலம் காய்ச்சினன். எங்கடை ஆக்கள் எதையும் நல்லாக் காய்ச்சினால்தானே நம்புவினம். விடிய எழும்பிப் பாத்தால் அது இறுகேல்லை. பச்சைத் தண்ணி. பாத்திரம் கழுவுற திரவம் மாதிரி. (அப்பா உண்மையிலேயே அதிலை ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிப்போட்டார்.)

பிறகு ஃபோனிலை ஒரு வெள்ளைக்கார அக்காவின்ரை வீடியோ பாத்தன். அவ விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லுறா, கொதிக்க விடக்குடாது. தூளைக் குளிர்தண்ணியிலை பத்து நிமிசம் ஊறவிட்டு, சீனி போட்டு, சும்மா சூடாக்கிக் கரைக்கவேணும், அவ்வளவுதான். பிறகு குளிரிலை வைச்சால் இறுகும். இவ்வளவு லேசான பலகாரத்தை நான் ஒரு மணித்தியாலம் போட்டு வதைச்சிருக்கிறன்.

தூள் ஊறேக்கை ஒரு மணம் வந்துது. நனைஞ்ச நாய் மாதிரி. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துது. எண்டாலும் சாமிச் சாப்பாட்டுக்கு ஏதோ ஒரு தெய்வீக மணம் இருக்கும்தானே எண்டு விட்டிட்டன். மூண்டு சின்னக் கோப்பையிலை ஊத்தி வைச்சு, இறுகினதும் ஒண்டைப் பெரியம்மாவுக்குக் குடுத்தன். அவ ஒரு கரண்டி எடுத்தா. இன்னொரு கரண்டி எடுத்தா. கோப்பையை வழிச்சா.

"டேய் கஜன், உது பாயாசத்தைவிடத் திறமடா. இன்னும் இருக்கோ?"

பெரியம்மா அண்டைக்கு மூண்டு கோப்பை சாப்பிட்டவ. இதை ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ.

மிச்சப் பெட்டி எல்லாத்தையும் சருவத்திலை கரைச்சன். பிறிட்ஜுக்குள்ளை பெரியம்மாவின்ரை கறிச்சட்டியள். அதாலை பல்கோனியிலை வைச்சன். தை மாதக் குளிர், நல்லா இறுகிப்போச்சுது. விடியச் சருவத்தைச் சுடுதண்ணியிலை ஒருக்கா வைச்செடுத்து, பெரிய தட்டத்திலை கவுட்டன். "டப்" எண்டு இறங்கி, பச்சைக் கோபுரம் மாதிரி நிண்டு, ஆடிச்சுது. ஆரும் நடந்தால் ஆடும். கதவு சாத்தினால் ஆடும். நான் எட்ட நிண்டு பாத்தன். என்ரை கையாலை அம்மாவுக்கு ஒண்டு சரியாச் செய்து போட்டன் எண்டு ஒரு பெருமை.

ஐயர் வந்து வாழையிலை போட்டு, எல்லாம் பரப்பி முடிக்க, நான் தட்டத்தைக் கொண்டந்து நடுவிலை வைச்சன்.

"இது என்ன தம்பி, ஆடுது?"

"சாமிச் சாப்பாடு, ஐயா."

"எந்தச் சாமி?"

"ஜெர்மன் சாமி."

ஐயர் அதைக் கொஞ்ச நேரம் பாத்தார். "சரி, இலையிலை முட்டாமல் வையுங்கோ."

நான் வேட்டியோடை, மேலிலை ஒண்டும் இல்லாமல், விரலிலை தர்ப்பையோடை இருந்தன். சுத்திவர முப்பது சனம். அப்பா எனக்குப் பின்னாலை. ஐயர் மந்திரம் துவங்கி, எள்ளும் தண்ணியும் விடச் சொல்லி நடந்துகொண்டிருக்கு. அப்பதான் மேல்மாடி ஃப்ரௌ கிறூகர் வந்தா. எழுவது வயசு மனுசி. அம்மாவும் அவவும் ஒருத்தற்றை பாசையும் ஒருத்தருக்குத் தெரியாமல் பத்து வருசமாப் படியிலை நிண்டு கதைச்சவை. இண்டைக்கு மச்சம் முட்டை ஒண்டும் ஏலாதெண்டு நான் சொல்லி வைச்சிருந்தன். அதுக்காக மனுசி ஒவ்வொரு சாமானின்ரை பெட்டியையும் கண்ணாடி போட்டு வாசிச்சு, முட்டையில்லாத அப்பிள் கேக் ஒண்டு செய்து கொண்டந்திருக்கு. அதை வைக்கக் குசினிக்குள்ளை போனா. அங்கை கடதாசிக் குப்பையிலை என்ரை பதினாலு பெட்டி.

வாசிச்சுப் பழகின கை சும்மா இருக்குமோ. ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஹோல் வாசலுக்கு வந்தா. எனக்கு மட்டும் ரகசியமாச் சொல்லுறதாத்தான் அவ நினைச்சவ. ஆனா அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ரகசியமே பஸ்சிலை கூப்பிடுற மாதிரித்தான் வரும்.

"காயன்," எண்டா. (கஜன் எண்டு அவவுக்கு வராது.) "காயன், இதுக்குள்ளை ஷ்வைன் இருக்கு."

எங்கடை சனத்திலை கனபேருக்கு இன்னும் ஜெர்மன் சரியா வராது. ஆனா ஷ்வைன் எண்ட சொல்லு தெரியாத ஆள் ஒருத்தர் இல்லை. அகதியா வந்த புதுசிலை முகாமிலை தட்டை நீட்டேக்கை, "ஷ்வைன்?" எண்டு கேட்டுக் கேட்டு வாங்கின சனம். வணக்கம் சொல்லப் படிக்க முதல் பண்டியைப் படிச்ச சனம். முப்பது தலையும் ஒரேயடியாத் திரும்பிச்சுது. ஐயரின்ரை மந்திரம் பாதியிலை நிண்டுது. படையல் மட்டும் ஆடிக்கொண்டிருந்துது.

மனுசி பெட்டியின்ரை பின்பக்கத்தை எனக்குக் காட்டினா. சின்ன எழுத்திலை ஜெலட்டீன், பக்கத்திலை ஷ்வைன். பண்டித்தோலை அவிச்சு எடுக்கிற சாமான் எண்டு பிறகுதான் அறிஞ்சன். நான் எட்டு வருசமாத் திருப்பிப் பாக்காத பக்கம்.

அந்த நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால், படையலிலை பிழை எண்டதோடை முடிஞ்சிருக்கும். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பினம். ஆஸ்பத்திரிக் கதை ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா வாய் தன்பாட்டிலை திறந்துது.

"ஐயோ, இதைத்தானே அம்மாவுக்கு மூண்டு கிழமை தீத்தினனான்."

பெரியம்மா எழும்பினா. "என்னடா சொன்னனீ?"

"எனக்குத் தெரியாது பெரியம்மா. சைவமோ எண்டு அம்மா கேட்டவ. நான் ஓம் எண்டிட்டன்."

பெரியம்மாவுக்கு முதலிலை தங்கச்சியின்ரை நினைப்பு வந்துது, நெஞ்சிலை கையை வைச்சா. பிறகு தன்ரை மூண்டு கோப்பையின்ரை நினைப்பு வந்துது, அந்தக் கையை வாயிலை வைச்சா. பாத்ரூமுக்கு ஓடினா. உள்ளை கொப்பளிக்கிற சத்தம் ஒரு குளம் வத்துற மாதிரிக் கேட்டுது.

நான் அழத் துவங்கிட்டன். சும்மா இல்லை, மூக்கெல்லாம் ஒழுகி. அம்பத்தாறு வருசம் காத்த சைவத்தைக் கடைசி மூண்டு கிழமையிலை நான் கெடுத்துப்போட்டன். இனி ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறது, கேக்க வேண்டிய ஆள் படத்திலை மாலையோடை இருக்கிறா.

"தம்பி, தர்ப்பையோடை இருந்து அழாதேங்கோ," எண்டார் ஐயர். "கழட்டிப்போட்டு அழுங்கோ. பிறகு புதுசு தாறன்."

அப்பதான் பின்னாலை இருந்து அப்பா கதைச்சார். அம்மா போனதிலை இருந்து அவர் ஒரு சொல்லு, ரெண்டு சொல்லுக்கு மேலை கதைச்சதில்லை.

"எனக்குத் தெரியும்."

பாத்ரூம் கதவு திறந்துது. பெரியம்மா துவாயோடை நிக்கிறா. "நீர் என்ன சொல்லுறீர்?"

"அக்கா, நான் இருபத்திரண்டு வருசம் றெஸ்ரோரன்ற் குசினியிலை நிண்டனான். அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சோ விட்டனீர்?"

"அவளுக்கு வேறை ஒண்டும் இறங்கேல்லை," எண்டார் அப்பா. "இது இறங்கிச்சுது."

பெரியம்மா படையலைத் திரும்பிப் பாத்தா.

"அப்ப படையலிலை வைக்கேக்கையும் பாத்துக்கொண்டோ இருந்தனீர்?"

"அவள் ஆசைப்பட்டுத் திண்டதுதானே. அதைத்தானே வைக்கிறது."

பெரியம்மா துவாயாலை முகத்தை மூடிக்கொண்டு கதவடியிலையே இருந்திட்டா. நான் அப்பாவைத் திரும்பிப் பாத்தன். மூண்டு கிழமை நான் தீத்தத் தீத்த, பக்கத்திலை இருந்து அந்த மனுசன் இதைத் தனியச் சுமந்திருக்கிறார். "அப்பா, அம்மாவுக்கும் தெரியுமோ?" எண்டு கேட்டன்.

"நான் கேக்கேல்லை," எண்டார்.

ஐயர் தொண்டையைச் செருமினார். "சரி. அந்த ஆடுறதை எடுங்கோ. நான் தண்ணி தெளிச்சுத் திருப்பித் துவங்குறன். நடு இலை வெறுமையாக் கிடக்கக்குடாது, இனிப்பா ஏதும் இருக்கோ?"

ஃப்ரௌ கிறூகர் என்ன நடக்குதெண்டு விளங்காமல், தன்னாலைதான் எல்லாரும் அழுகினம் எண்டு நினைச்சு, தானும் அழுதுகொண்டு நிண்டா. கையிலை அப்பிள் கேக். பெரியம்மா எழும்பிப் போய் அதை வாங்கினா. வாங்கிப்போட்டு விடேல்லை. மாவோ, என்ன பட்டரோ, சீனியோ எண்டு ஒவ்வொண்டாத் தமிழிலை கேக்க, நான் மூக்கைத் துடைச்சுத் துடைச்சு ஜெர்மனிலை கேக்க, மனுசி தலையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, முப்பது சனமும் கேட்டுக்கொண்டிருந்துது. அதுக்குப் பிறகுதான் கேக் இலைக்கு வந்துது.

இது நடந்து மூண்டு வருசமாகுது. பெரியம்மா அதுக்குப் பிறகு ஒரு பெட்டியையும் நம்புறதில்லை. யோகட், ரொபி, இருமல் மருந்து எண்டு பாரிசிலை இருந்து எனக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருப்பா. "பெரியம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாது" எண்டால், "பரவாயில்லை, நீ ஒருக்காப் பாத்தாக் காணும்" எண்டுவா. அவவைப் பாத்து மற்றச் சொந்தக்காரரும் துவங்கிட்டினம். பள்ளிக்கூடத்தாலை வராத ஜெர்மன் வாசிப்பு எனக்கு இப்பிடித்தான் வந்துது. சாமான் பட்டியல் எண்டால் கடகடவெண்டு ஓடும். வேறை ஒண்டும் வாசிக்க ஏலாது.

எங்கடை வீட்டுத் திவசத்திலை இப்ப ஒரு புது முறையும் இருக்கு. நான் ரோட்ட குறுட்ஸ செய்வன். சிவப்புப் பழங்களைச் சீனியோடை அவிச்சு, மாக் கரைச்சு விட்டு இறுக்கிறது, மேலை வனில்லா சோஸ். கொதிக்க விடலாம், அதாலை எனக்குச் சரிவரும். படைக்க முதல், படத்துக்கு முன்னாலை நிண்டு நான் பெட்டியளைச் சத்தமா வாசிக்கவேணும். பெரியம்மா கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நிப்பா. மற்றவை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பினம். அப்பாவும் சிரிப்பார். ஐயர் பொறுத்துப் பாத்து, "முடிஞ்சுதோ? அப்ப நான் என்ரையைத் துவங்கட்டோ?" எண்டு கேப்பார்.

போன முறை செரி, ராஸ்பெரி, சீனி எல்லாம் வாசிச்சு, வனில்லா சோஸ் பெட்டியும் வாசிச்சு முடிச்சு, ஐயரைப் பாத்துத் தலையை ஆட்டினன். அவர் மணியை எடுத்தார்.

"பொறுங்கோ ஐயா," எண்டா பெரியம்மா, கண் திறக்காமலே. "இவன் உப்புப் பெட்டியை விட்டிட்டான்."