பிணமாக நடித்தது நான்தான்

பக்கத்துத் தோட்டக்காரனுக்கு விளைச்சல் நன்றாக இருந்தால் வருகிற பொறாமை அடுத்த சந்தைக்குள் ஆறிவிடும். மனைவியின் அண்ணன் பிரபலமானால் வருகிற பொறாமை அப்படியல்ல, சோற்றோடு சேர்ந்து தினமும் உள்ளே இறங்கும். எனக்கு இருப்பது அந்த வகை.

எங்களுடையது கொடைக்கானலுக்கு மேலே, பூண்டு விளைகிற ஊர். சென்னையிலிருந்து வந்த ஒரு சின்னப் படக்குழு, மச்சான் வீட்டு வாசலில் இழவுக் காட்சி எடுக்க ஆள் தேடியது. திருவிழா நாடகத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டியவன் நான். (வழக்கமாகக் கட்டுகிறவருக்கு அன்று காய்ச்சல்.) முண்டியடித்துப் போய் நின்றதில் பிண வேடம் கிடைத்தது. கேமரா முழுக்க என் முகத்தில்தான் என்றார் டைரக்டர். மச்சானை அழுகிற கும்பலில் கடைசியாக உட்கார வைத்தார்கள். எனக்குப் பரம திருப்தி.

பனிமூட்டம் வேண்டுமென்று புகை மெஷினைப் போட்டார்கள். வாசலோரம் மச்சான் பூண்டு காயப் போட்டிருந்தார். எங்கள் ஊரில் பூண்டு காயும்போது வெள்ளையாக எது இறங்கினாலும் கால் தானாக ஓடும்.

"ஏலே, மேகம் எறங்கிருச்சு, வெரசா பூண்ட மூடுங்கடா" என்று கத்தியபடி எழுந்த மச்சான், என் மேல் போர்த்தியிருந்த வேட்டியை உருவிக்கொண்டு ஓடினார். ஒப்பாரி வைத்த மொத்தக் கும்பலும் பின்னால் ஓடியது. கட்டம் போட்ட டவுசரோடு அந்தக் குளிரில் நான் மட்டும் கிடந்தேன். டைரக்டர் 'கட்' சொல்லவில்லையே, எப்படி எழுந்திருப்பேன்? இமைகூட அசையவில்லை. நடிப்பு என்றால் அது நடிப்பு.

யாரோ இதை செல்போனில் எடுத்து இணையத்தில் போட, மச்சான் ஒரே வாரத்தில் 'பூண்டு அண்ணன்' ஆகிவிட்டார். கொடைக்கானலில் கடை திறக்கக் கூப்பிட்டார்கள். ஜீப் ஓட்டியது நான். செல்ஃபிக்கு வந்தவர்கள் போனை என் கையில் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "பொணம் பொம்மை சூப்பர். தொப்பைய மட்டும் ஓவரா செஞ்சிட்டாங்க."

கடைசியில் ஒரு யூடியூப் சேனல் மச்சானைப் பேட்டி எடுக்க வந்தது. இனி உலகத்துக்கு உண்மை தெரிந்துவிடும் என்று புதுச் சட்டை போட்டு, பவுடர் அப்பி, அவர் பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணே, அந்தப் பொணம் ஆளா, பொம்மையா?" என்று கேட்டான் பேட்டி எடுத்த பையன்.

மச்சான் என்னைப் பார்த்தார். "பொம்மைதாங்க. கம்பெனியில இருந்து கொண்டாந்தாக."

அவர்கள் போனதும் மச்சானைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மச்சான் இப்படிப் பண்ணீங்க?"

"என்ன மாப்ளே பேசுறீங்க. தங்கச்சி புருசன என் வாயால பொணம்னு சொல்லச் சொல்றீங்களா? அவ தாலிக்கு ஆகுமா?"

நியாயம் கேட்டு மனைவியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கி நின்றாள், அண்ணன் பாசத்தில். "அண்ணே சரியாத்தேன் சொல்லியிருக்கு. நீங்க பொம்மையாவே இருந்துட்டுப் போங்க."

இருந்துகொண்டிருக்கிறேன். மதியம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால், வீட்டுக்கு வரும் தோழிகளிடம் என் மகள் இப்போதும் வாயில் விரல் வைத்துச் சொல்கிறாள்: "சத்தம் போடாதீங்கடி, பொம்மை தூங்குது."