பார்லரை மூட வைத்த அக்கா மகள் எழுதுவது

மதிப்புக்கும் பாசத்துக்கும் தற்சமயம் கோபத்துக்கும் உரிய சித்திக்கு,

தங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். அங்கு தாங்களும் தங்கள் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையும் அவ்வண்ணமே சுகமாக இருக்க வேண்டுகிறேன். நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதக் காரணம், பதினோரு நாளாகத் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. முந்தாநாள் முதல் மெசேஜும் போவதில்லை. பிளாக் பண்ணிட்டீங்க. சரி, பண்ணிட்ட. இதுக்கு மேல 'தாங்கள்' போட்டு எழுத எனக்கு மூச்சு முட்டுது சித்தி. தபால்காரர யாரும் பிளாக் பண்ண முடியாதுன்னுதான் லெட்டர்.

முதல்ல விஷயத்தச் சொல்லிடறேன். வர்ற வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு சுகாதார ஆபீஸ்ல உன் பார்லர் பத்தி விசாரணை. நீ வரலைன்னா மூணு மாசம் பூட்டு. வந்தா திறந்துடுவாங்க. ஏன்னா தப்பு உன்னோடது இல்ல, என்னோடது. கிழிச்சுப் போடறதா இருந்தா முழுசா படிச்சுட்டுக் கிழி.

நான் வேணும்னே போட்டுக் கொடுத்தேன்னும், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டேன்னும் அம்மாகிட்ட சொன்னியாம். ரெண்டகம் பண்றதுக்கெல்லாம் பொறுமை வேணும் சித்தி, எனக்கு அது கிடையாது, உனக்கே தெரியும். இது சுத்தமான சோம்பேறித்தனம். அம்மா வேற ஊரெல்லாம் 'எம் பொண்ணு தொத்துநோய் ஆராய்ச்சி பண்றா'ன்னு சொல்லிட்டுத் திரியறா. ஆராய்ச்சி பண்றது டாக்டரம்மா. ஒரு வியாதி எங்க ஆரம்பிச்சுது, யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு அது பின்னாடியே போறதுதான் முப்பது வருஷமா அவங்க பொழப்பு. நான் அவங்களுக்காகப் படி ஏறி பெல் அடிக்கிறவ. இப்ப அவங்க துரத்திட்டிருக்கிறது இந்தக் கண்வலிய. முறை என்னன்னா, கண்வலி வந்த அறுபது பேரப் பிடிக்கணும், வராத அறுபது பேரப் பிடிக்கணும், ரெண்டு கூட்டத்துக்கும் அதே அறுபது கேள்வி. போன ஏழு நாள்ல எங்க போனீங்க, யாரப் பார்த்தீங்க, யாரு துண்டுல முகம் துடைச்சீங்க. வந்தவங்க நிறைய பேரு போய், வராதவங்க போகாத இடம் எதுவோ, சந்தேகம் அங்க. இவ்வளவுதான். ஆனா அந்த நூத்தி இருபது பேரு யாருன்னு நாம முடிவு பண்ணக் கூடாது. லிஸ்ட் குடுப்பாங்க. ஒன்பதாவது தெரு, பதினாலாம் நம்பர், நாலாவது மாடின்னு இருக்கும். அந்தக் கதவத்தான் தட்டணும். பக்கத்துக் கதவு தானா திறந்து 'வாம்மா, உட்காரு'ன்னு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

முதல் நாளே லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி ஏறினா ஒரு வீட்டுல நாய். நாய்க்கு மட்டும்தான் என்கிட்ட பேசற ஆர்வம் இருந்துச்சு. அடுத்த வீட்டுல ஒரு பெரியவர் கதவ விரல் அளவு திறந்து 'என்ன விக்கிற?'ன்னார். 'விக்கல சார், கண்வலி விஷயமா வந்தேன்'னேன். 'எங்க வீட்டுல ஏற்கனவே இருக்கு, வேணாம்'னு சாத்திட்டார். மூணாவது வீட்டுல ஒரு அம்மா, தங்கமான அம்மா, நின்ன நிலையிலயே அம்பத்தெட்டு கேள்விக்குப் பதில் சொன்னாங்க. அம்பத்தொன்பதாவது கேள்வி, இந்த வீட்டுல எத்தனை பேரு. 'தெரியலையேம்மா, நான் வீடு வாடகைக்கு வருதுன்னு பார்க்க வந்தேன், உள்ள யாரும் இல்ல போலிருக்கு'ன்னாங்க. அங்க விட்டேன் சித்தி நான் லிஸ்ட்ட. நேரா உன் பார்லருக்குத் தண்ணி குடிக்க வந்தேன்.

அன்னைக்கு நீ வாசல்ல டார்ச்சோட நின்னுட்டிருந்த. வர்றவங்க கண்ணுல டார்ச் அடிச்சுப் பார்த்து, சிவந்திருந்தா 'உள்ள வராதம்மா, ஒரு வாரம் கழிச்சு வா'ன்னு திருப்பி அனுப்பிட்டிருந்த. டாக்டரம்மாவே அவ்வளவு கறாரா இருக்க மாட்டாங்க. திருப்பி அனுப்பப்பட்டவங்க எல்லாம் வாசல் பெஞ்சுல உட்கார்ந்து, ஆட்டோ வர்ற வரைக்கும் உன்னைத் திட்டிட்டிருந்தாங்க. எல்லாருக்கும் கண்ணு சிவப்பு. எல்லாருக்கும் பேச நேரம். பெஞ்சுக்கு நிழல் வேற. பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. ஒன்பது நாள்ல அறுபது ஃபாரம். முப்பத்தேழாவது கேள்வி, 'கடந்த ஏழு நாளில் அழகு நிலையம் சென்றீர்களா?' கேட்டதும் அவங்க தலைக்கு மேல இருக்கிற உன் போர்ட நிமிர்ந்து பார்த்துட்டு, 'இதோ வந்துதானே உட்கார்ந்திருக்கேன்'னாங்க. நான் 'ஆம்'ல டிக் போட்டேன். உள்ள விட்டாங்களான்னு ஃபாரத்துல கேட்கல. அதனால நானும் கேட்கல.

கண்வலி வராத அறுபது பேருக்கு எங்க போறதுன்னு பார்த்தா, தீயணைப்பு நிலையம். மூணு ஷிஃப்ட், அறுபத்தி ரெண்டு பேரு, ஒரே கேரம் போர்டு. தீப்பிடிக்கிற வரைக்கும் அவங்களுக்கு வேலை இல்ல. ஒவ்வொருத்தரையும் 'அண்ணா, போன வாரம் பார்லருக்குப் போனீங்களா?'ன்னு கேட்டேன். மீசை பெருசா வச்ச ஒருத்தர் காய அடிச்சுக்கிட்டே 'தீப்பிடிச்சா போவோம்'னார். 'இல்லை'ல டிக்.

எங்க ஆபீஸ்ல கணக்குப் போடறவருக்கு நாங்க வச்ச பேரு தசமம். கல்யாணத்துக்கு எத்தனை பேரு வந்தாங்கன்னு கேட்டாக் கூட புள்ளி வச்சுத்தான் சொல்வார். அவர் என் ஃபாரமெல்லாம் ஏத்திட்டு வெளிறிப் போயிட்டார். நோய் வந்த அறுபது பேருல பார்லர் போனவங்க அறுபது. வராத அறுபதுல பூஜ்யம். கம்ப்யூட்டர் வகுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுதாம். வெளியூர் மீட்டிங்ல இருந்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். 'இவ்வளவு சுத்தமா ஒரு ரிசல்ட்ட நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல'ன்னு அவங்க அங்க இருந்தே சுகாதார ஆபீசுக்குச் சொல்லிட்டாங்க. நோய் வந்த அறுபதும் பொம்பளைங்க, வராத அறுபதும் ஆம்பளைங்கன்னு அதே தாள்ல மூணாவது வரியில இருந்துச்சு. ஒரு ஜீவன் படிக்கல. மறுநாள் காலைல ரெண்டு பேரு வந்து உன் கதவுக்கு அரக்கு முத்திரை வச்சுட்டுப் போனாங்க. சாயங்காலம் நீ மக வீட்டுக்குப் பெட்டி கட்டிட்ட.

அப்பவே ஏன் வாயத் திறக்கலன்னு கேட்ப. நாலு மாசம் சித்தி. காலேஜுக்கு அப்புறம் நான் ஒரு இடத்துல நாலு மாசம் இருந்தது இதுதான். கொரியர் கம்பெனி ஆறு வாரம், செல்போன் கடை பதினெட்டு நாள். அம்மா என் ஐடி கார்டு போட்டோவ ஃப்ரேம் போட்டு டிவி மேல வச்சிருக்கா. சொன்னா வேலை போயிடும்னு மூணு நாள் வாய மூடிட்டிருந்தேன். நாலாம் நாள் உன் பார்லர் வழியா போனேன். உன்கிட்ட வேலை பார்க்கிற ரெண்டு பொண்ணுங்களும் அந்தப் பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தாங்க. பெரியவ கேட்டா, 'அக்கா, நீங்க ஆராய்ச்சிதானே, எப்ப திறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?' சின்னவ வேற கடையில ஆள் எடுக்கறாங்களான்னு போன்ல விசாரிச்சுட்டிருந்தா. நேரா ஆபீசுக்குப் போயிட்டேன்.

டாக்டரம்மா ஊர்ல இருந்து வந்து அப்பதான் பையக் கீழ வச்சாங்க. 'மேடம், அந்த ஃபாரமெல்லாம் லிஸ்ட்படி எடுக்கல'ன்னேன். 'எத்தனை எடுக்கல?' 'ஒண்ணு கூட எடுக்கல மேடம்.' 'நோய் வந்தவங்கள எங்க பிடிச்ச?' 'பார்லர் வாசல்ல.' 'வராதவங்க?' 'ஃபயர் ஸ்டேஷன்ல.' கண்ணாடியக் கழட்டிட்டு அந்தத் தாள் மூணாவது வரியப் படிச்சாங்க. அப்புறம் தசமத்தக் கூப்பிட்டு அவரையும் படிக்க வச்சாங்க. 'திட்டிடுங்க மேடம், வெளிய அனுப்பிடுங்க'ன்னேன். 'அதுக்கெல்லாம் எனக்கு டைம் இல்ல, போய்ப் படி ஏறு'ன்னாங்க.

ஏறினேன் சித்தி. லிஸ்ட்ல இருந்த நூத்தி இருபது கதவு, எட்டு நாள். யாரும் இல்லாத வீட்டுக்கு மூணு தடவை. அந்தப் பெரியவர் அஞ்சாவது தடவைதான் கதவ முழுசா திறந்தார். நாய்கிட்ட இப்ப நல்ல பழக்கம். முப்பத்தேழாவது கேள்விய டாக்டரம்மா மூணா உடைச்சுட்டாங்க: போனீங்களா, உள்ள விட்டாங்களா, உள்ள என்ன பண்ணிக்கிட்டீங்க. தசமம் நாளைக்குக் கூட்டிச் சொல்வார். ரிசல்ட் என்ன வரும்னு எனக்கு இப்பவே தெரியும். உன் பார்லர் பேரு எங்கயும் வராது, எழுதி வச்சுக்கோ. ஊர்லயே டார்ச் அடிச்சுப் பார்த்து ஆள விட்டவ நீ ஒருத்திதான். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வாயாலயே அதச் சொல்லிடுவாங்க, அரக்க அன்னைக்கே உரிச்சுடலாம். நீ லைசன்ஸ மட்டும் எடுத்துட்டு வா. மன்னிச்சுடு சித்தி. நான் மூணாம் வகுப்புக்கு அப்புறம் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல, எப்படி எழுதறதுன்னு தெரியல, இப்படியே எடுத்துக்கோ.

மாப்பிள்ளையையும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்லவும். குழந்தைக்கு என் முத்தங்கள், நெத்தியில மட்டும், கண்ணு பக்கம் வேணாம். தங்கள் ஆசியும், முடிந்தால் ஒரு மிஸ்டு காலும் வேண்டும்,

காலேஜப் பாதியில விட்டாலும் லெட்டர முழுசா முடித்த,
தங்கள் அக்கா மகள்.

பி.கு.: ஒட்டின கவரப் பிரிச்சு எழுதறேன், அதான் ஓரம் கிழிஞ்சிருக்கு. தபால்ல போடறதுக்குள்ள ரிசல்ட் வந்துடுச்சு. நோய் வந்த அறுபது பேருல உன் பார்லருக்கு உள்ள போனவங்க இருபத்தாறு. வராத அறுபதுல நாலே பேரு. அந்த இருபத்தாறுல இருபத்து மூணு பேருக்கு நீ 'எது பண்ணிக்கிட்டாலும் ஐலைனர் இலவசம்'னு போட்டு விட்டிருக்க. எல்லாருக்கும் ஒரே பிரஷ். கண்ணு சிவக்கறதுக்கு முந்தியே ஒட்டுமாம் இது, டார்ச்சுல தெரியாதாம். தசமத்தத் திரும்ப எண்ணச் சொன்னேன். 'நீயே எண்ணும்மா'ன்னு ஃபாரக் கட்டத் தூக்கிக் குடுத்துட்டார். மூணு தடவை எண்ணினேன். ஒரு தடவை உனக்குச் சாதகமாவே எண்ணிப் பார்த்தேன், அப்பவும் இருபத்தஞ்சு. ஆக, தப்பான வழியில போய் சரியான கடையத்தான் பூட்டியிருக்கேன். மேல மன்னிச்சுடுன்னு எழுதின இடத்தப் பாதி அடிச்சுக்கோ. நீ நேர்ல வந்து, பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுட்டேன், இனிமே ஆளுக்கு ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தா பத்து நாள்ல திறந்துடலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. நீ வரலைன்னா உன் சார்பா குடும்பத்துல ஒருத்தர் பேசலாமாம். அம்மா என்னை அனுப்பறதா இருக்கா. என்னைக் கேட்டா நான் இருபத்தாறுன்னுதான் சொல்வேன். நீயே வந்துடு சித்தி.