இருபத்திரண்டு மூன்றும் ஓர் ஐந்தும்

காயானி,
ஞாயிறு, காலை

அன்பும் மரியாதையும் உரிய ஹெல்லெவி சித்திக்கு,

வில்யாமி எழுதுவது. நான் நலமாக இருப்பதாகத்தான் தெரிகிறது, இன்னும் சரிபார்க்கவில்லை. நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். அம்மா நலம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

கையால் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மின்னஞ்சலை உங்கள் கல்வி நிலையத்தில் யாரோ படிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததே சந்தேகத்தைக் கூட்டுகிறது.

நீங்கள் கேட்டது இதுதான்: உங்கள் இணைய வகுப்பைப் பற்றி, அதாவது கணினியிலும் கருவியிலும் பழுது எங்கே என்று கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் அந்த எட்டு வாரப் பாடத்தைப் பற்றி, படித்தவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, நீயும் படித்தவன்தானே, கருத்துகளைப் படித்துவிட்டுச் சொல் என்றீர்கள்.

படித்தேன். மொத்தம் இருபத்து மூன்று கருத்துகள். என்னுடையதையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். ‘குறை சொல்ல எதுவும் இல்லை.’ ‘பாடம் பாடமாக இருந்தது.’ ‘நேரத்துக்கு முடிந்தது.’ ஒருவர் ‘சரி’ என்று மட்டும் எழுதியிருந்தார். எல்லாம் இயல்பு.

இருபத்து மூன்றாவது ஐந்து நட்சத்திரம்.

பெயர் இல்லை. நம் மாவட்டப் பெயரைப் போட்டு ‘காயினு மாணவர்’ என்று மட்டும். நீளமான கருத்து. ‘அருமை’ இரண்டு இடத்தில். ‘இந்த ஆசிரியர் பேசும்போது என்னை முட்டாள் என்று நினைக்கவில்லை என்பது புரிந்தது’ என்று ஓரிடத்தில். ‘மூன்று வாரமாக எரியாத சவுனா நீராவி அறையின் மின்சார அடுப்பைப் பாடத்தில் சொன்னபடி நானே சரிசெய்தேன், அன்று சவுனாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன்’ என்று கடைசியில். சித்தி, நம் ஊரில் யார் இப்படி எழுதுவார்கள்? கல்யாணத்தில்கூட யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

முதல் சந்தேகம் உங்கள் மேல்தான். மன்னிக்கவும். இரண்டாம் பாடத்தில் நீங்களே சொன்னீர்கள், மனதுக்குப் பிடித்தவரையும் சந்தேகப் பட்டியலில் சேர் என்று. பிறகு நீங்கள் ‘அருமை’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன். அடுத்த சந்தேகம், இயந்திரம் எழுதியது. இயந்திரம் சந்தோஷத்தை ‘கொஞ்ச நேரம்’ என்று அளந்து சொல்லாது. அதையும் அடித்தேன். ஸ்வீடன்காரர் யாராவது? அவர்கள்தான் வாய்விட்டுப் பாராட்டுவார்கள். இதை அடிக்கவில்லை.

மற்றவர்களை விசாரித்தால் ஏதாவது தெரியும் என்று நினைத்து, உங்கள் வகுப்பில் என்னோடு படித்த இர்யாவைத் தொலைபேசியில் பிடித்தேன். தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுவதில் என்னைவிடத் தேர்ந்தவர்.

“கோர்ஸ் எப்படிம்மா இருந்துச்சு?”

“ஏன், ஏதாவது பிரச்சனையா?”

“இல்ல. சும்மா கேக்கறேன்.”

“சும்மா யாரும் கேக்க மாட்டாங்க.” கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. “ரொம்ப நல்லா இருந்துச்சு. வாழ்க்கையில நான் படிச்சதுலயே அதுதான் நல்ல கோர்ஸ்.”

“அப்புறம் ஏன் மூணு குடுத்தீங்க?”

“மூணு நல்ல மார்க்தானப்பா!”

“நாலு குடுத்திருக்கலாமே?”

“நாலு குடுத்தா கொஞ்சம் ஆட்டம் போடற மாதிரி இருக்கும்.”

“அஞ்சு?”

“அஞ்சா?” குரலைத் தாழ்த்தினார். “யாரு குடுத்தா?”

அந்தக் குரல்தான் என்னை முடிவெடுக்க வைத்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உங்கள் நிலையத்துக்குப் புகார் எழுதினேன். ‘இருபத்து மூன்றாவது கருத்து போலி என்று ஐயப்படுகிறேன்.’ உங்கள் நற்பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். எழுதி முடித்ததும் மனம் இலேசானது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்று பிற்பகல் உங்கள் நிலைய அலுவலகத்திலிருந்து ஸோய்லி அழைத்தார். புகாருக்கு நன்றி என்றார். பிறகு ஒரு விதியைப் படித்துக் காட்டினார். அடுத்த ஆண்டும் ஒரு வகுப்பு நடக்க வேண்டுமானால் மாணவர்களின் சராசரி மூன்றைத் தாண்ட வேண்டும். சரியாக மூன்று என்றால் போதாது. தாண்ட வேண்டும்.

இருபத்திரண்டு மூன்று. ஓர் ஐந்து.

நான் போலி என்று எழுதிய அந்த ஒரே ஐந்தில்தான் உங்கள் வகுப்பு நின்றுகொண்டிருந்தது, சித்தி.

“நான் என் மூணை மாத்திக்கறேனே,” என்றேன்.

“கருத்து சொல்ற நாள் போன வாரமே முடிஞ்சுதுங்க. புகார் வந்த கருத்தை மட்டும் திறப்போம். எழுதினவர் புதன்கிழமை மூணு மணிக்குள்ள நேர்ல வந்து, சொந்தப் பேர்ல கையெழுத்துப் போடணும். வச்சுக்கலாம், திருத்தலாம், எடுத்துடலாம். வரலைன்னா நாங்களே எடுத்துடுவோம்.”

“எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். சொல்ல மாட்டேன்.”

நேற்று சனிக்கிழமை. வெகு நாளைக்குப் பிறகு அப்பாவோடு சவுனாவுக்குப் போனேன், வெளி அறையில் சட்டையைக் கழற்றி மாட்டும்போது கொக்கிக்குக் கீழே பலகைச் சுவரில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது, அப்பா சுவரில் எழுதுகிறவர் இல்லை, சுவரில் ஆணி அடிப்பதற்கே ஒரு வாரம் யோசிப்பவர், குனிந்து பார்த்தால் ‘ஃபியூஸ் – இல்லை, நேரக்கடிகாரம் – இல்லை, ஒயர் – தொடவில்லை, கதவு – ஆம்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதியோடு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம், மாற்றியதை அன்றே எழுதி வை என்று நான்காம் பாடத்தில் நீங்கள் சொன்னீர்களே, அச்சாக அப்படியே. கதவு முழுவதும் மூடாவிட்டால் அந்த அடுப்பு எரியாது. கதவின் ஓரத்தில் புதிதாகச் சீவிய மரம் வெள்ளையாகத் தெரிந்தது.

“அப்பா, இது என்ன?”

“பட்டியல்.”

“எதுக்கு?”

“பட்டியலுக்குத்தான்.”

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆவி எழ அவர் அடுப்பின் சூடான கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினார். தேவைக்கு மேல் ஊற்றினார்.

“அந்த அஞ்சு நட்சத்திரம் நீங்களாப்பா?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“அப்ப சரி.”

“நானூறு வார்த்தை எழுதியிருக்கீங்க.”

“முந்நூத்தி எண்பது,” என்றார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

“கோர்ஸ்ல சேர்ந்ததையும் இதை எழுதினதையும் ஏம்ப்பா மறைச்சீங்க?”

“உங்க சித்தி முப்பது வருஷமா இந்த வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறா. ஒரு நாள் அவளப் பாத்து நான் நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்பத் திடீர்னு சொன்னா என்ன நினைப்பா? எனக்கு உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைப்பா.”

விதியைச் சொன்னேன். புதன்கிழமையைச் சொன்னேன். அவர் போகாவிட்டால் உங்கள் வகுப்பு அவ்வளவுதான் என்றேன்.

“வேற யாராவது அஞ்சு குடுத்திருப்பாங்களே?”

“இல்ல.”

“ஒருத்தர் கூடவா?”

“நீங்க மட்டும்தான்.”

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். “மத்தவங்கல்லாம் எவ்வளவு அடக்கமா இருக்காங்க. நான் மட்டும் இப்படிப் பண்ணிட்டேனே.” துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்: “நீ எவ்வளவு குடுத்த?”

“மூணு.”

“நல்ல பையன்.”

இருபத்தேழு வருடத்தில் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தப்பான காரணத்துக்கு.

அவர் போக மாட்டார், சித்தி. ஸோய்லியின் மேசை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறது, எதிரே நூலகம், எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். சொந்தப் பெயரில், பகல் வெளிச்சத்தில், மனைவியின் தங்கையை அருமை என்று சொன்னதாக ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடும் மனிதரை இந்த மாவட்டம் இன்னும் பெறவில்லை. இன்று காலையிலிருந்து படகைக் கழுவுகிறார். படகு சுத்தமாகத்தான் இருந்தது.

ஆகவே என் அறிக்கை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: உங்கள் வகுப்பை எல்லோரும் விரும்புகிறார்கள். அதனால்தான் மூன்று. அந்த மூன்றினால்தான் வகுப்பு போகப்போகிறது. பழுது எங்கே என்று எட்டு வாரம் கற்றுக்கொண்டேன். இந்த முறை பழுது நான்தான். வேறு வேலை இருந்தால் இப்போதே பார்த்து வையுங்கள். அப்பாவின் விஷயம் உங்களுக்குத் தெரியும் என்று எக்காரணம் கொண்டும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கண்ணுக்கும் குரலுக்கும் நல்ல ஆரோக்கியம் கிடைக்கட்டும். குளிர்காலம் உங்கள் பக்கம் மெதுவாக வரட்டும். அம்மா விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். அப்பா எதுவும் எழுதச் சொல்லவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
வில்யாமி

பின்குறிப்பு: இன்று புதன், மாலை ஐந்து. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. தபால்தலை ஒட்டிய கோணத்தில் எனக்குத் திருப்தி இல்லை. மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். சற்று முன் ஸோய்லி அழைத்தார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்து, “அந்தக் கருத்து என்னோடதுதான்,” என்று நூலக வாசல்வரை கேட்கும்படி சொன்னாராம். முழுப் பெயர், ஊர், கையெழுத்து. திருத்தம் உண்டா என்று கேட்டதற்கு உண்டு என்று சொல்லி, ஐந்தை அடித்து நான்கு ஆக்கியிருக்கிறார். ‘அருமை’ இரண்டையும் தொடவில்லை. நான்கு போதும், சராசரி மூன்றை மயிரிழையில் தாண்டுகிறது, ஸோய்லி இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டார். உங்கள் வகுப்பு நடக்கும். வீட்டுக்கு வந்த அப்பாவிடம் எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்டதற்குக் கடைக்கு என்றார். கையில் பை இல்லை. நான் மட்டும் தனியாகப் பிடித்து, ஏன் ஒன்றைக் குறைத்தீர்கள் என்றேன். “முதல் பாடத்துல சத்தம் கம்மி. அதை உங்க சித்திகிட்ட சொல்லு.” சொல்லிவிட்டேன். சத்தத்தைச் சரிசெய்துவிட்டால் ஐந்து கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

“முதல்ல சரிபண்ணட்டும், பாக்கலாம்,” என்றார்.