மூலாதாரப் பலகை

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மழைக்காலத்தில், இலங்கையில் றக்வானவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டமே தன் முதுகெலும்பின் அடிநுனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பீலியடியில் அதே பேச்சு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும்போதும் அதே பேச்சு. ஒனக்கு முழிச்சிருச்சா என்று ஒருத்தி கேட்பாள். நேத்துத்தான் லேசா அசைஞ்சுச்சு என்று மற்றவள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வாள்.

அசைந்தது மூலாதாரச் சக்கரம். அசைத்தவர் நாதமூலானந்த சாமி.

கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்த இந்தச் சாமிக்குக் காவி வேட்டி, தோள்வரை முடி, கார் பேட்டரியில் பாடுகிற ஒரு கேசட் ரேடியோ. வந்த மறுநாளே கணக்கப்பிள்ளையைக் கைக்குள் போட்டுக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்தை வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களுக்கு வாங்கிவிட்டார். அங்கே சிவப்புத் துணி போர்த்திய நீளமான பலகை மேடை. ஆறு ஆறு பேராக ஏறிச் சம்மணம் போட வேண்டும். ரேடியோவில் வீணையும் மிருதங்கமுமாகச் சாஸ்திரிய சங்கீதம் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்த இடம் குறுகுறுக்கும். பூமித்தாய் பிடித்துக்கொண்டாள் என்பார் சாமி. உட்கார்ந்தவள் பொலபொலவென்று அழுவாள்.

விளக்கமும் வைத்திருந்தார். மலைச்சரிவில் சாய்ந்து நின்று கொழுந்து பறிக்கிறவர்களுக்குச் சக்தியெல்லாம் பள்ளத்துப் பக்கம் வழிந்து ஓடிவிடுகிறதாம். மண்ணோடு ஒட்டு அறுந்துபோகிறதாம். நாலு தலைமுறையாகச் செருப்பில்லாமல் அந்த மண்ணில் நின்று, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, கடைசியில் அதற்குள்ளேயே புதைகிற சனத்துக்கு மண்ணோடு ஒட்டு இல்லையாம். பஸ்ஸில் வந்த மனிதர் சொல்கிறார். சனம் கையெடுத்துக் கும்பிடுகிறது. ஒட்டு இல்லாதது காணி உறுதிப் பத்திரத்தில்தான் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

சாமி கேசட்டும் விற்றார். சனம் குடியிருக்கிற லயங்களில் முக்கால்வாசி வீட்டில் ரேடியோவே கிடையாது. அதனாலென்ன? கேசட்டைக் கடவுள் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டுச் சாம்பிராணி காட்டினார்கள். மூன்றாம் லயத்துக் கருப்பாயி தன்னுடையதுக்குக் குங்குமமே வைத்தாள்.

இருளப்பன் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கிற மெசினில் இருபத்திரண்டு வருசமாக நிற்கிறவன் அவன். எட்டு மணி நேரம் அந்த இரைச்சலைக் கேட்ட காதுக்கு வெளியே வந்தால் எந்தப் பாட்டும் வேண்டாம். ஆனால் அவன் பெண்சாதி வெள்ளையம்மா அந்தப் பலகையே கதியென்று கிடந்தாள்.

அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய். வலது காலில் பெருவிரலுக்குக் கீழே ஆறாத புண். இரத்தினபுரியில் கிளினிக் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சாமியின் பலகையும் வெள்ளிக்கிழமை. இருபத்தொரு வெள்ளி உட்கார்ந்தால் புண் தானாகக் காய்ந்து உதிரும், மாத்திரை நாதத்தைத் தடுக்கும் என்று சாமி சொல்லிவிட்டார். ஐந்து கிளினிக் போகவில்லை. மாத்திரை உறை பிரிக்காமல் கிடந்தது.

"வலி போயிருச்சுங்க," என்றாள் அவனிடம். "நூலளவு வலி இல்ல. சாமி சொன்ன மாதிரியேதான்."

வலி இல்லாதது உண்மை. அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்துக்கொண்டே அவள் மாவு பிசைந்தாள். அவன்தான் பார்த்து இழுத்துவிட்டான். அவளுக்குத் தெரியவே இல்லை. புண்ணிலிருந்து வாடை வந்தது. அதற்கும் சாம்பிராணி போட்டாள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா காலின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் போனால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார். இருளப்பன் கெஞ்சினான், திட்டினான், ஒரு நாள் சாப்பிடாமலும் படுத்தான். கடைசியில் வெள்ளையம்மா ஒரு வழி விட்டாள். அவன் ஒரு தடவை பலகையில் உட்கார வேண்டும். அது பொய் என்று அவளுக்குக் காட்ட வேண்டும். காட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வருவாள்.

அந்த வெள்ளி காலைமுறை முடிந்து, தூள் படிந்த உடம்போடு நேராக மடுவத்துக்குப் போனான். ஏறி உட்கார்ந்தான். பாட்டுக் கிளம்பியது. குறுகுறுத்தது. மெய்யாகவே குறுகுறுத்தது.

பிறகு யோசித்தான். இந்தக் குறுகுறுப்பு அவனுக்குப் பழக்கம். ரெண்டாம் நம்பர் சலிப்பு மெசினின் சட்டத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால் வருகிற அதே குறுகுறுப்பு. அப்படிப் பார்த்தால் கம்பனி இருபத்திரண்டு வருசமாக அவன் மூலாதாரத்தை இனாமாக எழுப்பிக்கொண்டிருக்கிறது.

எல்லாரையும் இறங்கச் சொன்னான். வீட்டுத் தேத்தண்ணிக்கென்று மடியில் முடிந்து வந்திருந்த தேயிலைத் தூளை ஒரு பேப்பரில் கொட்டிப் பலகையில் வைத்தான். சாமி, பாட்ட நிப்பாட்டாதீங்க என்றான். வீணை ஏறியது. பேப்பரில் தூள் துள்ளியது. துள்ளித் துள்ளி, பெருந்தூள் மேலேயும் பொடி கீழேயுமாகத் தானே பிரிந்துகொண்டது. ஸ்டோரில் நடப்பது அச்சாக அதுதான்.

"தூளுக்கும் மூலாதாரம் முழிச்சிருச்சுங்களா சாமி?"

சாமி அசரவில்லை. தேயிலையும் ஓர் உயிர்தான், அதற்கும் ஆன்மா உண்டு என்றார். கூட்டம் அந்தத் தூளைப் பார்த்துக் கும்பிட்டது. கணக்கப்பிள்ளை முன்னால் வந்து, அந்தத் தூளில் ஒரு சிட்டிகை பிரசாதமாகக் கிடைக்குமா என்று கேட்டார்.

இருளப்பன் வெள்ளையம்மாவைப் பார்த்தான். அவளும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"சரிங்க சாமி," என்றான். "மண்ணோட ஒட்டணும்னு நீங்கதான சொன்னீங்க. அப்பொறம் நடுவுல பலகை எதுக்கு? எல்லாரும் மண்ணுலயே ஒக்காருவோம். நீங்களும் வாங்க. ரேடியோவும் இங்கயே இருக்கட்டும்."

சாமி, ஈரம் ஆகாது என்றார். மழையில் நனைந்துகொண்டே கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு, மடுவத்து மண் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெள்ளையம்மாவும் உட்கார்ந்தாள். அதே பாட்டு. அதே மிருதங்கம். ஒரு நிமிசம். ரெண்டு நிமிசம். ஒருத்திக்கும் ஒன்றும் அசையவில்லை. ஆள் இல்லாத பலகையில் தூள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னா சாமி," என்றாள் கருப்பாயி, "பலகைக்குத்தான் சக்தி வருது போல."

வெள்ளையம்மா எழுந்தாள். யாரும் தடுப்பதற்குள் சிவப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள். பலகைக்கு அடியில், வானத்தைப் பார்த்தபடி, அண்டா அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்து ஒரு வயர் தரையில் விரித்திருந்த பாய்க்கு அடியில் ஊர்ந்து ரேடியோவுக்குப் போனது. பூமித்தாய் வயர் வழியாகத்தான் வந்துபோயிருக்கிறாள்.

பலவீனமான ஆத்மாக்களுக்கு அது ஒரு ஊன்றுகோல் என்று சாமி தொடங்கினார். கை ஓங்குவதற்கு வசதியாகப் பெண்கள் மடியிலிருந்த கூடையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டதும் அந்த வாக்கியத்தை முடிக்காமலே பஸ் ரோட்டுக்கு நடந்தார். சரிவில் அவ்வளவு வேகமாக இறங்கியவர் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை.

வெள்ளையம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். இரத்தினபுரியில் டாக்டர் காலில் ஊசியால் குத்தினார். அவள் சும்மா இருந்தாள். அந்தக் கால் வலியை அறிகிற சக்தியை இழந்து மாதக்கணக்காகிறது, வலி இல்லாததுதான் வருத்தமே என்றார். ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். இருளப்பனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. ஆனாலும் மூலாதாரத்துக்கு அவனிடம் வார்த்தை இல்லை. ஒரு சாமி சொன்னார் என்றான். டாக்டர் தலையை ஆட்டினார். அவருடைய ஊரிலும் சாமிகள் இருந்திருப்பார்கள்.

கால் தப்பியது. பெருவிரலும் அதற்கு அடுத்ததும் தப்பவில்லை. ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் அந்த ரெண்டு விரலும் இருந்திருக்கும். கட்டோடு கட்டிலில் கிடந்தவளைப் பார்க்க வந்த கணக்கப்பிள்ளை, சாமி மெய்தான், ஸ்பீக்கர்தான் பொய் என்று ஆறுதல் சொன்னார். வெள்ளையம்மா கட்டுப்போட்ட காலைப் போர்வைக்கு வெளியே எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"எண்ணிப் பாருங்க ஐயா," என்றாள்.

அவர் எண்ணவில்லை. வாசலைப் பார்த்து நடந்தார். கதை கேட்ட உங்களுக்கு ஒரு வார்த்தை: சங்கீதம் நல்லதுதான், காதால் கேளுங்கள். புண்ணுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. காலால் நடந்து போங்கள். பிட்டத்தால் யோசிக்கச் சொல்லி யாராவது பலகை போட்டால், உட்காருவதற்கு முன்னால் குனிந்து அடியில் பாருங்கள்.